மலையகத்து மரமும் வாளும்: ஒரு வரலாற்று நோக்கு

மலையகத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் கோப்பிச் செடியையும் தேயிலைச் செடியையும் அளவுகோலாகக் கொண்டே அதனை அளந்துள்ளனர். எத்தனை ஏக்கர் பயிரிடப்பட்டது, எத்தனை இறாத்தல் ஏற்றுமதியாயிற்று, எத்தனை தொழிலாளர் கடல் கடந்து வந்தனர் என்னும் வினாக்கள் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. ஆனால் அச்செடிகளுக்கு முன் அந்நிலத்தில் நின்ற மரங்கள் யாவாயின, பின்னர் நடப்பட்ட மரங்கள் யாருக்குப் பயன்படுகின்றன என்னும் வினாக்கள் அத்துணைக் கவனத்தைப் பெற்றில. அவ்வினாக்களை மரமரியும் தொழிலின் வழியே நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்நோக்குக்கு அண்மைக்கால நிகழ்வொன்றும் காரணமாகும். ஒரு சிலர் கூடி இழுத்துச் செல்லத்தக்க, மரம் விழுந்த இடத்திலேயே நிறுத்தி இயக்கத்தக்க சிறிய மர ஆலைகள் உலகின் பல பாகங்களிலும் பரவியுள்ளன. யூக்கலிப்டசும் சவுக்கும் நிறைந்த ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் வாழ்வோர் இத்தகைய இயந்திரமொன்றை வாங்கித் தம் மரத்தைத் தாமே அரிந்து, தம் வீட்டுக்கு வேண்டிய நிலையும் கதவும் செய்துகொள்ளலாகாதா என்ற வினா எழுவது இயல்பே. இவ்வினாவில் இயந்திரத்தைப் பற்றிய பகுதிக்கு விடை காண்பது எளிது. "தம் மரம்" என்னும் இரு சொற்களுக்கு விடை காண்பதற்கே வரலாறு வேண்டப்படுகிறது.

காடு எரிந்த காலம்

1824ஆம் ஆண்டளவில் ஜோர்ஜ் பேர்ட் என்பார் கம்பளைக்கு அண்மையிலுள்ள சிங்கபிட்டியவிலும், அதனையடுத்து ஆளுநர் சேர் எட்வேட் பான்ஸ் பேராதனைப் பூங்காவுக்கு எதிர்க்கரையிலுள்ள கன்னொறுவையிலும் கோப்பித் தோட்டங்களை அமைத்தனர். 1840இல் இயற்றப்பட்ட 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடந்த நிலம் யாவும், மாறாக நிறுவப்படும்வரை, முடிக்கே உரியதெனக் கொள்ள வழிசெய்தது. விறகுக்கும் வீட்டுமரத்துக்கும் சேனைக்கும் காட்டை நாடி வாழ்ந்த கண்டிநாட்டுக் கிராமத்தவரின் வழக்குரிமைகளுக்கு எழுத்துச் சான்று அரிதாகவே இருந்தது. ஏக்கரொன்று 5 சிலிங்குக்கு விற்கப்பட்ட முடிக்காணியின் கீழ்விலை 1844இல் 20 சிலிங்காக உயர்த்தப்பட்டபோதும், மலைக்காடு விற்பனைப் பொருளாக மாறியது மாறியதே.

வாங்கப்பட்ட காடு அழிக்கப்பட்ட முறையைத் தோட்டக்காரர்கள் தாமே எழுதி வைத்துள்ளனர். மலைச்சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கிச் செல்லும் வெட்டுவோர், ஒவ்வொரு மரத்தையும் முற்றாக வீழ்த்தாது பாதியளவு வெட்டி நிறுத்துவர். இறுதியில் உச்சியிலுள்ள பெருமரங்களை முழுவதும் வெட்டிச் சாய்ப்பர். அவை தமக்குக் கீழுள்ளவற்றின் மேல் விழ, அவை மேலும் கீழுள்ளவற்றின் மேல் விழ, சரிவு முழுவதும் ஒருங்கே சாயும். பின்னர் வெயிற்காலத்தில் உலரவிட்டுத் தீயிடுவர். எரியாது எஞ்சிய வன்மரக் குற்றிகளுக்கிடையே கோப்பிக் கன்றுகள் நடப்பட்டன. இவ்வெட்டு வேலையைப் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர் ஒப்பந்த முறையில் செய்ய, அதன்பின் நிலத்தைப் பண்படுத்தி நடும் வேலையும் பராமரிக்கும் வேலையும் இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்மேல் விழுந்தன.

இத்துணை மரமும் ஏன் விற்கப்படாது எரிக்கப்பட்டது என்று நாம் வினவலாம். வன்மரக் குற்றியைத் திம்புள்ளையிலிருந்தோ டிக்கோயாவிலிருந்தோ கொழும்புக்குக் கொண்டு செல்ல அக்காலத்தில் வண்டிப் பாதையன்றி வேறு வழியில்லை. இருப்புப்பாதை கண்டியை அடைந்தது 1867இல். ஹட்டனை அடைந்தது 1884இல். நானுஓயாவை அடைந்தது 1885இல். இப்பகுதிகளின் காடுகள் பெரும்பாலும் 1860களிலும் 1870களிலும் அழிக்கப்பட்டு விட்டன. அதாவது, மரத்தை ஏற்றிச் செல்லும் வசதி வந்தபோது ஏற்றுவதற்கு மரம் எஞ்சவில்லை. 1870களின் இறுதியில் கோப்பி நின்ற பரப்பு இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்டிருந்தது.

இவ்வழிவைத் தடுத்த குரல் தோட்டங்களுக்கு வெளியிலிருந்தே வந்தது. கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த சேர் ஜோசப் ஹூக்கர் 1873இல் விடுத்த அறிவுரையையடுத்து, 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை விற்பது நிறுத்தப்பட்டது. ஹோட்டன் சமவெளியும் அதனைச் சூழ்ந்த காடுகளும் இன்று எஞ்சியிருப்பதற்கு இம்முடிவே முதற்காரணம் எனலாம்.

வாட்குழியும் வாளறுப்போரும்

எல்லா மரமும் எரிக்கப்படவில்லை. துரையின் பங்களாவுக்கும் கோப்பிக் களஞ்சியத்துக்கும் பலகையும் தீராந்தியும் தேவைப்பட்டன. ஆதலால் நேரிய மரங்கள் சில தெரிந்தெடுக்கப்பட்டன. தூன் மரம் மெல்லிய தகடுகளாகப் பிளக்கப்பட்டு ஓட்டுக்குப் பதிலாகக் கூரையில் வேயப்பட்டது. கீன, காட்டுச் சண்பகம் முதலியன அரிமரமாயின. தொழிலாளர் வாழ்ந்த லயங்களுக்குக் காட்டுக் கம்பும் மண்ணுமே பெரும்பாலும் போதுமெனக் கருதப்பட்டன. ஒரே காட்டிலிருந்து ஒரு சாராருக்குப் பலகையும் மறு சாராருக்குக் கம்பும் கிடைத்தமை ஈண்டுக் கருதத்தக்கது.

இம்மரங்களை அரிந்தோர் வாட்குழி முறையைக் கையாண்டனர். மரம் விழுந்த இடத்துக்கு அருகே ஆள் நிற்கத்தக்க ஆழத்தில் குழி தோண்டி, அதன் குறுக்கே உருட்டிய குற்றியின்மேல் கரி தோய்த்த நூலைத் தட்டிக் கோடிடுவர். ஒருவர் குற்றியின்மேல் நின்று வாளை மேலே இழுத்துக் கோட்டின் வழியே செலுத்துவார். மற்றவர் குழிக்குள் நின்று கீழே இழுப்பார். கீழே நிற்பவரின் கண்ணிலும் மூச்சிலும் மரத்தூள் நிறைந்தது. கரையோரத்து மொறட்டுவையிலிருந்து வந்த தச்சர்கள் இத்துறையில் பெயர் பெற்றிருந்தனர்.

இம்முறை மெதுவானதாயினும் மலைநிலத்துக்குப் பொருத்தமான பண்பொன்றைக் கொண்டிருந்தது. பாரமான குற்றி இடம்பெயரவில்லை. வாளே குற்றியை நாடி வந்தது. அரியப்பட்ட பலகைகளை மட்டும் ஆள்கள் தலையிலும் தோளிலும் சுமந்து சென்றனர். யானையோ அகன்ற பாதையோ இன்றியே வேலை முடிந்தது. இன்று பேசப்படும் சிறிய ஆலையின் அடிப்படைக் கருத்தும் இதுவேயாகும்.

தேயிலைப் பெட்டியின் கதை

1869இல் இனங்காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1873இல் இலண்டனுக்கு அனுப்பப்பட்ட தேயிலை வெறும் 23 இறாத்தல். அந்நூற்றாண்டு முடியுமுன்னரே ஆண்டு ஏற்றுமதி பத்துக் கோடி இறாத்தலைக் கடந்தது. பெட்டியொன்றில் ஏறத்தாழ 100 இறாத்தல் அடங்குமெனக் கொண்டால், ஆண்டுதோறும் பத்து இலட்சம் மரப்பெட்டிகள் தேவைப்பட்டன என்பது பெறப்படும். இப்பெட்டிகள் திரும்பி வருவன அல்ல. ஒவ்வோராண்டும் புதிதாகச் செய்யப்பட வேண்டியவை.

தேயிலைப் பெட்டிக்கு எம்மரமும் ஆகாது. தேயிலை பிற மணங்களை எளிதில் ஏற்கும் இயல்புடையது. ஈரமும் மணமும் உள்ள பலகை சரக்கைக் கெடுக்கும். பெட்டியின் உட்புறத்தில் வைக்கப்பட்ட ஈயத்தகட்டைப் பச்சை மரத்தின் அமிலத்தன்மை அரிக்கவும் கூடும். ஆகவே நன்கு உலர்ந்த, மணமற்ற, பாரங்குறைந்த பலகை வேண்டப்பட்டது. தொடக்கத்தில் தோட்டங்கள் காட்டுமரத்தைக் கொண்டே பெட்டி செய்தன. ஆனால் காடு அருகிவிட்டது. உலர்த்தும் வசதியும் குறைவு. எனவே ஜப்பானிலிருந்து மோமி மரப் பெட்டிகளும், நூற்றாண்டின் இறுதியிலிருந்து எஸ்தோனியாவின் தாலின் நகரில் செய்யப்பட்ட ஒட்டுப்பலகைப் பெட்டிகளும் இறக்குமதியாயின. பிந்தியவற்றை விற்ற நிறுவனத்தின் பெயராகிய வெனெஸ்டா என்பது தோட்டங்களில் பெட்டிக்கே பெயராக வழங்குமளவுக்குப் பரவிற்று. முப்பது ஆண்டுகளுக்கு முன் மரத்தை எரித்த மலைக்கு, பால்டிக் கடற்கரையிலிருந்து மரம் கப்பலேறி வந்தது.

பெட்டியன்றி அடுப்பும் மரத்தை வேண்டி நின்றது. கொழுந்தை உலர்த்தும் இயந்திரங்களின் உலைகள் விறகை உண்டன. ஆகவே தேயிலைக்கிடையே நிழலுக்காகச் சவுக்கும், தேயிலைக்குப் பயன்படாத சரிவுகளில் விறகுக்காக யூக்கலிப்டசும் நடப்பட்டன. இரண்டும் ஆஸ்திரேலிய மரங்களே. அரசாங்கமும் 1885ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் காட்டுக் கட்டளைச் சட்டத்தையும், 1887இல் தோற்றுவிக்கப்பட்ட காட்டுத் திணைக்களத்தையும், பின்னர் 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தையும் கொண்டு மரத்தின் மீதான ஆட்சியை ஒழுங்குபடுத்திற்று. இப்பிந்திய சட்டமே திருத்தங்களுடன் இன்றுவரை நடைமுறையிலுள்ளது.

ஆலையை நாடிச் சென்ற மரம்

இரண்டாம் உலகப்போர் இறக்குமதியைத் துண்டித்தது. அக்காலத்திலேயே காலிக்கு அண்மையிலுள்ள கிந்தோட்டையில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை தோன்றிற்று. சுதந்திரத்துக்குப் பின் அத்தொழில் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. 1968இல் அரச மரக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. இக்காலத்துச் சிந்தனையில் பேராலையே முன்னேற்றத்தின் அடையாளமாக விளங்கிற்று. கொஸ்கமவில் பெரிய ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையொன்று திட்டமிடப்பட்டபோது, அதற்கு இடையறாது மரம் ஊட்டக்கூடிய காடாகச் சிங்கராஜ தெரிந்தெடுக்கப்பட்டது.

வாட்குழிக் காலத்தில் வாள் மரத்தை நாடிச் சென்றது. இப்போதோ மரம் ஆலையை நாடிச் செல்ல வேண்டியதாயிற்று. நிலைத்து நிற்கும் பேராலை தன் முதலீட்டுக்கு ஈடாக நாள்தோறும் குறித்த அளவு குற்றியை விழுங்கியே ஆகவேண்டும். அதற்கெனக் காட்டுக்குள் அகன்ற பாதைகள் வெட்டப்பட்டன. கனரக இயந்திரங்கள் நுழைந்தன. 1970களின் முற்பகுதியில் தொடங்கிய இவ்வெட்டு, அறிவியலாளரும் இயற்கை ஆர்வலரும் எழுப்பிய எதிர்ப்பின் பயனாக 1977இல் நிறுத்தப்பட்டது. 1978இல் சிங்கராஜ உயிர்க்கோள ஒதுக்கமாகவும், 1988இல் உலக மரபுரிமைத் தலமாகவும் ஏற்கப்பட்டது. சிங்கராஜவின் வரலாற்றைக் கற்போர், அக்காட்டை அச்சுறுத்திய தேவைகளுள் ஒன்று மலையகத்துத் தேயிலைக்கான பெட்டி என்பதையும் நினைவிற்கொள்ளுதல் வேண்டும். பின்னர் பலபடைக் காகிதப் பைகள் வழக்கிற்கு வர, மரப்பெட்டியே ஏற்றுமதியிலிருந்து மறைந்துபோயிற்று.

1990இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டது. அதன்பின் நாட்டின் மரத்தேவையை வீட்டுத் தோட்டங்களும், நட்டு வளர்த்த காடுகளும், இறப்பர், தேயிலைத் தோட்டங்களுமே பெரிதும் நிறைவு செய்கின்றன. விறகுக்கென நடப்பட்ட மலையகத்து யூக்கலிப்டஸ் இவ்வாறு விலைமதிப்புள்ள வீட்டுமரமாயிற்று.

மரத்தை நாடி வரும் ஆலை

இச்சூழலிலேயே எடுத்துச் செல்லத்தக்க ஆலையின் பொருத்தம் நோக்கப்பட வேண்டும். வட்டவாளுக்கு 1777இல் இங்கிலாந்தில் சாமுவேல் மில்லரும், பட்டைவாளுக்கு 1808இல் வில்லியம் நியூபெரியும் காப்புரிமை பெற்றனர். 1840களில் குதிரைகள் இழுத்துச் செல்லத்தக்க நீராவி இயந்திரங்கள் வந்தபின், ஆலையைக் காட்டுக்கே கொண்டு செல்லும் வழக்கம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிற்று. இருபதாம் நூற்றாண்டில் சங்கிலிவாளும், 1980களிலிருந்து மெல்லிய பட்டைவாள் பூட்டிய சிறிய ஆலைகளும் இவ்வழக்கத்தை எளிதாக்கின. இவ்வாலையில் குற்றி அசையாது கிடக்க, வாள் பூட்டிய சட்டமே தண்டவாளத்தின்மேல் நகர்ந்து பலகையை அரியும்.

வாளின் தடிப்பு சிறிய செய்தியன்று. வாள் செல்லும் வழியிலுள்ள மரம் தூளாகிப் போகும். வட்டவாள் ஒவ்வோர் அறுப்பிலும் 6 மில்லிமீற்றர் அளவும், மெல்லிய பட்டைவாள் 2 மில்லிமீற்றர் அளவும் தூளாக்குவதாகக் கொள்வோம். 30 சென்ரிமீற்றர் தடிப்புள்ள சதுரித்த குற்றியிலிருந்து 25 மில்லிமீற்றர்ப் பலகைகள் அரிந்தால், முன்னதில் 9 பலகைகளும் பின்னதில் 11 பலகைகளும் கிடைக்கும். ஒரு குற்றிக்கு இரு பலகை மிகுதி. ஏழைக்கு இவ்வேறுபாடு பெரிது.

ஆயினும் இயந்திரம் வாங்கியதும் பலகை கிடைத்துவிடாது. யூக்கலிப்டஸ் தன் தண்டினுள்ளே பெரும் இழுவிசையைத் தேக்கி வைத்திருக்கும் மரம். வீழ்த்தியதும் அதன் முனைகள் வெடிக்கும். ஒருபுறத்தையே தொடர்ந்து அரிந்தால் குற்றி வில்போல் வளையும். ஆதலால் தாமதியாது அரிதலும், குற்றியைத் திருப்பித் திருப்பி இருபுறமும் சமமாக அரிதலும் இன்றியமையாதன. முனைகளில் மெழுகோ வர்ணமோ பூசி, பலகைகளுக்கிடையே சட்டங்கள் வைத்து அடுக்கி, நிழலில் மெதுவாக உலர்த்த வேண்டும். பனியும் மழையும் மிகுந்த நுவரெலியாவில் இதற்குப் பல மாதங்களாகும். கூரையுள்ள கொட்டில் வேண்டும். சவுக்கு இதனினும் இணக்கமானது. அதன் குற்றியைக் கால்வட்டமாகப் பிளந்து அரிந்தால் வெள்ளிபோன்ற அழகிய வரியோட்டம் தோன்றும். ஆனால் அதன் தூள் சிலரது தோலை அரிக்கச் செய்யும். இவையெல்லாவற்றுக்கும் மேலாக, வாளின் பல்லைத் தீட்டி இருபுறமும் சரியாகச் சாய்க்கத் தெரிந்த கை வேண்டும். வாட்குழிக் காலத்தில் அக்கை தொழிலாளனுடையதாயிருந்தது. பேராலைக் காலத்தில் அது தோட்டத்தை விட்டு அகன்றது.

பாப்புவா நியூகினியின் படிப்பினை

சிறிய ஆலை ஒரு சமூகத்துக்கு என்ன செய்ய இயலும் என்பதற்குப் பாப்புவா நியூகினி தக்க எடுத்துக்காட்டாகும். 1980களில் அங்கு உருவாக்கப்பட்டுக் கிராமங்களில் பரவிய சிறிய ஆலையை மக்கள் தம் பேச்சுமொழியில் வொக்கபௌட் சோமில், அதாவது நடந்து திரியும் மர ஆலை என்று அழைத்தனர். பிரித்துச் சுமந்து காட்டுக்குள் கொண்டு செல்லத்தக்க அவ்வாலையால் கிராமத்தவர் தம் மரத்தைத் தாமே அரிந்தனர். குற்றியாக விற்றால் வெளிநாட்டுக் கம்பனி தரும் சிறு தொகையைப் பெறுவதற்குப் பதிலாகப் பலகையாக விற்கவும், தமக்கு வீடும் பள்ளியும் கட்டவும் அது வழிவகுத்தது. பழுதுபார்த்தலும் சந்தைப்படுத்தலும் அங்கும் இடர்ப்பட்டன. எல்லா ஆலைகளும் நிலைக்கவில்லை.

ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. அந்நாட்டு நிலத்தில் நூற்றுக்கு 97 பங்களவு மரபுவழிக் குலங்களுக்குரியது. கிராமத்தவர் ஆலையை வாங்குமுன்னரே மரம் அவர்களுடையதாயிருந்தது. மலையகத்தின் நிலைமை இதற்கு நேர்மாறானது.

மரம் யாருடையது?

மலையகத் தோட்டத்து மரம் முதலில் முடிக்கும், பின்னர் தோட்டச் சொந்தக்காரருக்கும் ஆங்கிலக் கம்பனிகளுக்கும் உரியதாயிற்று. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டத்தாலும் 1975ஆம் ஆண்டின் திருத்தத்தாலும் அரசுக்குச் சென்றது. 1992இல் தோட்டங்களின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோது அதன் பயனும் அவற்றுடன் சென்றது. உரிமை நான்கு கைகள் மாறியும், மரத்தை நட்ட கைக்கு ஒருபோதும் வரவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாட்டிலேயே உரிமையிழந்து நின்ற மக்களுக்கு மரத்தில் உரிமை கேட்கும் வாய்ப்பு நெடுங்காலம் இருக்கவில்லை. கவ்வாத்து மிலாறும் காய்ந்த சுள்ளியுமே அவர்களது அடுப்புக்கு எட்டின.

அண்மை ஆண்டுகளில் தனிவீட்டுத் திட்டங்களின் கீழ் குடும்பமொன்றுக்கு 7 பேர்ச்சும், பின்னர் 10 பேர்ச்சும் காணி வழங்கப்படலாயிற்று. இது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆனால் 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். 550 சதுர அடி வீடும் மரக்கறிப் பாத்தியும் போக, அதில் அரிமரம் தரும் யூக்கலிப்டசுக்கு இடமில்லை. நட்டாலும் அது அயலவரின் கூரைமேல் சாயும். எனவே வீட்டுக்குச் சொந்தக்காரனானவன்கூட, தன் வாசலுக்கு எதிரேயுள்ள சரிவில் தன் பாட்டன் நட்ட மரம் லொறியேறிச் செல்வதைக் கண்டு, நகரத்து மரக்காலையில் நிலையும் கதவும் விலைக்கு வாங்குகிறான்.

சட்டத்தின் வேலிகளும் உள. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பலா முதலிய மரங்களைத் தறிப்பதைக் கட்டுப்படுத்துகிறது. மரத்தைக் கொண்டு செல்லவும், ஆலை நடத்தவும் அனுமதி பெறுதல் வேண்டும். 2019இல் சங்கிலிவாள்களின் இறக்குமதிக்குத் தடை விதிக்கப்பட்டு, கையிலுள்ளவற்றைப் பதிவு செய்யுமாறும் பணிக்கப்பட்டது. இவ்வேலிகள் தேவையற்றன எனல் தவறு. 2014 ஒக்ரோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடிய மண்சரிவு, மலைச்சரிவில் வாழ்வோருக்கு எவ்வளவு ஆபத்து உண்டென்பதை உணர்த்தியது. சரிவைப் பிடித்து நிற்கும் வேரை இழந்துவிட்டுப் பெறும் பலகை எவருக்கும் பயன்படாது.

முடிவுரை

மலையகத்தில் மரமரியும் தொழில் மூன்று கட்டங்களைக் கடந்துள்ளதென நாம் கண்டோம். வாள் மரத்தை நாடிச் சென்ற வாட்குழிக் காலம். பலகை கடல் கடந்து வந்த பெட்டிக் காலம். மரம் ஆலையை நாடிச் சென்ற பேராலைக் காலம். சிறிய ஆலை மீண்டும் முதற்கட்டத்தின் முறையைக் கொண்டு வருகிறது. ஆனால் முதற்கட்டத்திலும் வாளறுத்தவனுக்குக் கூலி கிடைத்ததேயன்றிப் பலகை கிடைக்கவில்லை என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும். கருவி மாறுவதால் மட்டும் பயன் கைமாறாது.

ஆகவே தோட்டத் தொழிலாளரின் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கமொன்று ஆலை வாங்க விழையுமாயின், அது முதலில் கேட்க வேண்டியது இயந்திரத்தின் விலையையன்று. காற்றில் விழுந்த மரத்திலும், முதிர்ந்து வெட்டப்படும் மரத்திலும் ஒரு பங்கைத் தொழிலாளர் வீட்டுக்கென ஒதுக்கும் எழுத்து மூலமான உடன்படிக்கையை அது கேட்டல் வேண்டும். எச்சரிவில் வெட்டலாகாது என்பதும், வெட்டிய ஒன்றுக்கு ஈடாக எத்தனை நட வேண்டும் என்பதும் அவ்வுடன்படிக்கையிலேயே அடங்குதல் வேண்டும். அதன்பின் உலர்த்தும் கொட்டில். அதன்பின் வாள் தீட்டப் பயின்ற இளைஞர் இருவர். இவையெல்லாம் கூடிய பின்னரே இயந்திரம். இவ்வரிசை மாறினால் ஆலை துருப்பிடிக்கும், அல்லது கம்பனிக்குக் கூலிக்கு மரம் அரிந்து கொடுக்கும்.

மலையக மக்கள் இருநூறு ஆண்டுகளாகப் பிறருக்குரிய செடியைப் பேணி வந்துள்ளனர். அச்செடிக்கு நிழலாகத் தாம் நட்ட மரத்திலிருந்து தம் வீட்டுக் கதவுக்கு ஒரு பலகை பெறும் உரிமையை அவர்கள் கேட்பது மிகையன்று. அவ்வுரிமைக்கான வரலாற்று நியாயத்தை எடுத்துரைப்பது பல்கலைக்கழகத்தில் பயில்வோரின் கடமைகளுள் ஒன்றாகும்.